கண்ணாடி வருமுன்: பிள்ளைகளுக்குத் தினம் 2 மணி நேரம் வெளி வெளிச்சம் கிடைக்கச் செய்வது எப்படி

கண்விழி பிறக்கும்போது ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்து முடியும்போது 23, 24 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். நிற்காமல் பின்பக்கமாக நீண்டுகொண்டே போனால் அதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே பவர் மைனஸ் 2.5, 3 என்று போய்விடும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. கண்ணாடி போட்டால் கரும்பலகை தெளிவாகத் தெரியும், ஆனால் கண்ணின் நீளம் நீண்டபடியேதான் இருக்கும். இழுபட்டு மெலிந்த விழித்திரையோடுதான் அந்தப் பிள்ளை 50, 60 வயது வரை வாழ வேண்டும். பவர் கூடக் கூட, பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய், மையப்பார்வை கெடுதல் ஆகியவை வரும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் "கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவது தவறு.

6 வயதிலிருந்து 13 வயதுக்குள்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஆரம்பிக்கிறது. 7 வயதில் ஆரம்பிக்கிற பிள்ளைக்கும் 12 வயதில் ஆரம்பிக்கிற பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 7 வயதில் ஆரம்பித்த பிள்ளையின் கண்ணுக்கு வளர இன்னும் ஐந்து வருடம் அதிகமாக இருக்கிறது. எனவே வராமல் தடுப்பது முதல் வேலை. தடுக்க முடியாவிட்டால் தள்ளிப்போடுவது. இரண்டுக்கும் இன்று நம்மிடம் உள்ள மிக எளிய, செலவில்லாத, ஆய்வுகளில் நன்றாகத் தேறிய வழி, பகல் வெளிச்சத்தில் பிள்ளையை வெளியே வைத்திருப்பது.

எவ்வளவு நேரம், ஏன்

இலக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம், அதாவது வாரத்துக்கு 14 மணி நேரம். டெல்லிப் பள்ளிகளில் 9,884 பிள்ளைகளைப் பரிசோதித்து 2015-ல் வெளியான ஆய்வில் 13.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வெளியே விளையாடிய பிள்ளைகளிடம் அது குறைவாகக் காணப்பட்டது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று வருட முடிவில் வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெறும் 40 நிமிடத்துக்கே இந்த அளவு பலன். முழுத் தடுப்பு கிடைக்காது என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. வெளியே போன பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது, ஆனால் குறைவான பேருக்கு.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008-ல் வந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. 6, 7 வயதில் சிட்னிப் பிள்ளைகளில் 3.3 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. சிங்கப்பூரில் 29.1 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகப் படித்ததால் இப்படி என்று எண்ண வேண்டாம். அவர்கள் அதிகமாகவே படித்தார்கள். ஆனால் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இருந்தது 3.05 மணி நேரம்.

காரணம் வெளிச்சத்தின் அளவில் இருக்கிறது. பிரகாசமான ஒளி படும்போது விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கண் நீள்வதை அது மட்டுப்படுத்துகிறது என்று கருதப்படுகிறது. கோழிக்குஞ்சுகளில் செய்த சோதனைகளில் 15,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கண் நீள்வதைக் குறைத்தது. டோபமைனைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் அந்தப் பலன் மறைந்துபோனது. ஓட்டமும் ஆட்டமும் உடம்புக்கு நல்லவை. கண்ணுக்கு வேலை செய்வது வெளிச்சம். சிட்னி ஆய்வுகளில் உள்ளரங்க விளையாட்டால் கண்ணுக்குப் பலன் தெரியவில்லை. உள்ளரங்க ஷட்டில், ஹாலில் நடக்கும் கராத்தே, பரதநாட்டிய வகுப்பு, மூடிய கூரைக்குள் இருக்கும் நீச்சல்குளம், எதையும் இந்த 2 மணி நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினால் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் இடத்தை அளந்து பாருங்கள்

நம் கண்ணை நம்பி வெளிச்சத்தை அளக்க முடியாது. கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால், டியூப்லைட் எரியும் அறையும் வெளிச்சமாகத் தெரிகிறது, மொட்டை மாடியும் வெளிச்சமாகத் தெரிகிறது. இரண்டுக்கும் நூறு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். எனவே ஒரு முறையாவது அளந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வெளிச்சத்தை உணரும் சென்சார் போனின் முன்பக்கம், மேலே, காதில் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

அளக்கும்போது பலரும் செய்யும் தவறு, போனை மேசைமேல் வைப்பதுபோல் திரை வானத்தைப் பார்க்கும்படி பிடிப்பது. பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டு விளையாடுவதில்லை. பிள்ளையின் கண் உயரத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில், போனைச் செங்குத்தாகப் பிடித்து, பிள்ளை பார்க்கும் திசையைத் திரை பார்க்கும்படி வையுங்கள். நான்கு திசையிலும் எடுத்துச் சராசரி போடுங்கள். வானம் பார்க்க வைத்து எடுத்ததைவிட எண் நன்றாகக் குறையும், அதுதான் கண்ணுக்கு உண்மையில் போகும் அளவு. போன் சென்சார் துல்லியக் கருவி இல்லை. 800-க்கும் 900-க்கும் வித்தியாசம் பார்க்க அது உதவாது, 200-க்கும் 5,000-க்கும் வித்தியாசம் பார்க்க நன்றாகவே போதும்.

தெளிவான பகலில் எதிர்பார்க்கக்கூடிய அளவுகளைச் சொல்கிறேன். உச்சி வெயில் நேராக விழும் தரையில் ஒரு லட்சம் லக்ஸ் வரை. கட்டடத்தின் நிழலில், ஆனால் வானம் திறந்திருக்கும் இடத்தில், 10,000 சுற்றுவட்டம். அடர்ந்த மரத்தடியில் சில ஆயிரங்கள். திண்ணையிலும் வராந்தா ஓரத்திலும் 1,000-லிருந்து 4,000 வரை; எந்தத் திசை, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து மாறும். டியூப்லைட் போட்ட வகுப்பறையில் 300, 400. வீட்டு அறையில் இரவு 100, 200. அபார்ட்மெண்ட்டின் தரைத்தளத்து கார் பார்க்கிங்கில் நடுப்பகலிலும் இருநூறைத் தாண்டுவது அபூர்வம். அங்கே தினமும் ஒரு மணி நேரம் கிரிக்கெட் ஆடும் பிள்ளை, கண்ணைப் பொறுத்தவரை வீட்டுக்குள் இருந்ததாகவே கணக்கு. பார்க்கிங்கைவிட்டு வெளியே, மதில் ஓரம் பத்தடி தள்ளி ஆடினால் இருபது, முப்பது மடங்கு வெளிச்சம் கிடைக்கும்.

குறைந்தபட்சம் 1,000 லக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், 5,000-க்கு மேல் கிடைத்தால் நல்லது. தைவானில் 2018-ல் வெளியான பள்ளி ஆய்வில் மர நிழல் போன்ற மிதமான வெளிச்சமும் உதவுகிறது என்று கண்டார்கள். பிள்ளையை வெயிலில் வாட்ட வேண்டியதே இல்லை. நம் ஊருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஜன்னல் ஓரம் உட்கார வைத்தால் போதுமா என்று கேட்பார்கள். ஜன்னலுக்கு மிக அருகில் ஆயிரம் வரலாம், இரண்டடி உள்ளே வந்ததும் பாதிக்கும் கீழே போய்விடும். அதோடு பிள்ளை முகம் அறைப் பக்கம் திரும்பியிருக்கும். படிக்கிற நேரத்தில் ஜன்னல் ஓரம் உட்காரட்டும், ஆனால் அதை 2 மணி நேரக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பால்கனியும் அப்படித்தான். மேல்தளத்துப் பால்கனி கூரைபோல் மூடி, துணி காயப்போட்டு, கொசுவலையும் அடித்திருந்தால் அளந்து பார்த்த பிறகே நம்புங்கள்.

ஒரு நாளில் எங்கே எடுப்பது

2 மணி நேரம் என்றதும் பெற்றோர் மலைப்பது, அதை ஒரே துண்டாக நினைப்பதால். துண்டு துண்டாக எடுக்கலாம். காலை 8.45-க்குத் தொடங்கி 3.30-க்கு முடியும் பள்ளியில் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கணக்கு: காலையில் நடந்து பள்ளிக்கோ வேன் நிற்கும் இடத்துக்கோ போவதில் 15 நிமிடம். இன்டர்வெல்லில் 10 நிமிடம் மைதானத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் மரத்தடியில். மாலையில் 75 நிமிடம். கூட்டினால் 120.

மாலைத் துண்டுதான் பெரியது, எளிதில் கைநழுவுவதும் அதுதான். சென்னையில் ஜூலையில் சூரியன் மறைய 6.40 ஆகும், நவம்பரில் 5.40-க்கே மறைந்துவிடும். நம் பக்கத்தில் அந்தி நீளாது. சூரியன் இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் மளமளவென்று விழும். மறைவுக்கு 20 நிமிடம் முன்பே மரத்தடியும் சந்தும் 1,000 லக்ஸுக்குக் கீழே போய்விடும். ஆறு மணிக்கு விளையாட அனுப்பும் வீடுகளில் பிள்ளைக்கு விளையாட்டு கிடைக்கிறது, வெளிச்சம் கிடைப்பதில்லை. வெள்ளை விளக்கு போட்ட டர்ஃப் மைதானமும் பகலுக்கு ஈடாகாது. அங்கே சில நூறு லக்ஸ்தான் இருக்கும்.

எனவே வரிசையை மாற்றுங்கள். பள்ளி விட்டதும் முதலில் விளையாட்டு, இருட்டிய பிறகு வீட்டுப்பாடம். டியூஷன் 4.30-க்கு என்றால் 6.15-க்கு மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். டியூஷன் எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் அது சிரமமாக இருக்காது. அக்டோபர் முதல் ஜனவரி வரை, வீட்டுக்கு வந்து, உடை மாற்றி, டிபன் சாப்பிட்டு, பிறகு இறங்கினால் பாதி வெளிச்சம் போயிருக்கும். அந்த மாதங்களில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், பள்ளியிலிருந்து நேரே பூங்காவுக்கோ மைதானத்துக்கோ கூட்டிச் செல்லுங்கள். சீருடை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

காலை நேரத்தை நம் வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சூரியன் எழுந்து அரை மணி நேரத்துக்குள் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கில் லக்ஸ் வந்துவிடும். பல் துலக்குவது, பால் குடிப்பது, தலை பின்னுவது, ஷூ மாட்டுவது, இவை நான்கையும் வாசலுக்கோ மாடிக்கோ மாற்றினாலே 20 நிமிடம் சேரும். தலை பின்னும்போது பிள்ளை முகம் தெருவைப் பார்த்திருக்கட்டும், சுவரைப் பார்க்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் பெற்றோர் 6 மணிக்குப் பிறகே வீடு திரும்பும் வீடுகளில் இது உண்மையிலேயே கடினம். அங்கே செய்யக்கூடியது வாரக் கணக்கு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூன்றரை மணி நேரம் வைத்தால் 7 மணி நேரம் கிடைக்கும். மீதி 7 மணி நேரத்தை ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 84 நிமிடம். அதில் 45 நிமிடம் பள்ளியிலேயே கிடைத்துவிட்டால், காலையும் மாலையும் சேர்த்து 40 நிமிடம்தான் நீங்கள் தேட வேண்டும். அதற்குத் தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளை, முறை வைத்து மேற்பார்வை பார்க்கும் நான்கு குடும்பங்கள், யாராவது வேண்டும். நான்கு வீடு சேர்ந்தால் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒன்றிரண்டு மாலை மட்டும் கண்காணித்தால் போதும். சனி, ஞாயிறில் மட்டும் மொத்தத்தையும் ஏற்றிவிட்டு ஐந்து நாளும் உள்ளே அடைக்காதீர்கள். பிள்ளையும் களைத்துப் போகும், மழை வந்தால் ஒரு வாரமே வீணாகும்.

என்ன விளையாட்டு என்பது பிள்ளையின் விருப்பம். சைக்கிள், நொண்டி, கண்ணாமூச்சி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாயை நடத்திக்கொண்டு போவது, கடைக்குப் போய் கொத்தமல்லி வாங்கி வருவது, எல்லாம் ஒன்றுதான். போனை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். வெளிச்சத்தில் திரை தெரியாது என்பதால் பிள்ளை இருட்டான மூலையைத் தேடிப் போய், முகத்தைக் கவிழ்த்து, ஒரு சாண் தூரத்தில் பார்க்கும். வெளியே இருந்த பலன் அதோடு தீர்ந்தது. மொட்டை மாடியில் விளையாடினால் கைப்பிடிச் சுவர் பிள்ளையின் நெஞ்சுக்கு மேல் இருக்கிறதா, ஏறி நிற்கத் தோதாகத் தொட்டியோ நாற்காலியோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

வெயில், மழை, கொசு

மார்ச் கடைசி முதல் ஜூன் வரை காலை 10 முதல் மாலை 4 வரை வெளியே விட வேண்டாம். அக்னி நட்சத்திர நாட்களில் 4.30 வரைகூடப் பொறுக்கலாம். அந்த மாதங்களில் பகல் நீளம் என்பதால் காலை 6.15 முதல் 7.45 வரை ஒன்றரை மணி நேரமும், மாலை 5 முதல் 6.15 வரையும் நிழலில் கிடைப்பதே தாராளம். கோடை விடுமுறையில் 2 மணி நேரத்தைத் தாண்டுவது சுலபம். பிள்ளையை நாள் முழுக்க ஏசி அறையில் டிவி முன்னால் விட்டுவிடுவதால்தான் அந்த இரண்டு மாதமும் கைவிட்டுப் போகிறது.

வட்ட விளிம்புத் தொப்பி, வெளிர்நிறப் பருத்திச் சட்டை, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர். தொப்பி போட்டால் கண்ணுக்கு வெளிச்சம் குறையாதா என்றால், குறையும். ஆனால் திறந்த வெளியில் அவ்வளவு மிச்சம் இருப்பதால், தொப்பிக்குக் கீழேயும் வீட்டறையைவிடப் பல மடங்கு கண்ணுக்குப் போய்ச் சேரும். தயங்காமல் போடுங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வழக்கத்துக்கு மாறான சோர்வு தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் கொடுங்கள். பிள்ளை குழம்பிப் பேசினாலோ, மயங்கினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சூரியனை நேரே பார்க்கப் பழக்கும் பயிற்சி எதையும் பிள்ளைக்குச் சொல்லித்தராதீர்கள், உதயத்திலும் கூடாது. விழித்திரையின் நடுப்பகுதி வெந்து, நிரந்தரப் புள்ளி விழலாம். கண்ணுக்குத் தேவை சுற்றிலும் பரவிய வெளிச்சம்.

மேகமூட்டமான நாளைக் கைவிட வேண்டாம். மூடிய வானத்தின் கீழும் பகலில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். மழை பெய்துகொண்டிருந்தால் மட்டும் தாழ்வாரத்தின் விளிம்பு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும் கடிக்கும். நாம் பிள்ளையை வெளியே அனுப்பும் நேரமும் அதுவே. மழைக்காலத்தில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, வெளியே தெரியும் தோலில் கொசு விரட்டிக் களிம்பு.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் தெருவில் விளையாடுவது நின்றுபோகிறது. அதற்கு முன்பே "கறுத்துப் போயிடுவே, உள்ளே வா" என்ற குரல் ஆரம்பித்துவிடும். 10 முதல் 14 வரை கிட்டப்பார்வை ஏறும் வயது. சரியாக அந்த வயதில் அவளுடைய வெளிச்சம் பறிபோகிறது. அண்ணனுக்கோ தம்பிக்கோ கிடைக்கும் 2 மணி நேரம் அவளுக்கும் கிடைக்க வேண்டும். தெரு வேண்டாம் என்றால் மொட்டை மாடி, பள்ளி மைதானத்தில் த்ரோபால், தோழிகளோடு சைக்கிள், அம்மாவோடு நடை, எது முடியுமோ அது. தோல் நிறம் திரும்பி வரும், கண் நீளம் திரும்பாது.

பள்ளியில் செய்யக்கூடியது

பிள்ளை பகலின் பெரும்பகுதியைக் கழிப்பது பள்ளியில். தைவானின் காவோசியுங் பகுதிப் பள்ளி ஒன்றில் இடைவேளை வந்ததும் வகுப்பறையைக் காலிசெய்து எல்லாப் பிள்ளைகளையும் வெளியே அனுப்பினார்கள். வேறெதுவும் செய்யவில்லை. ஒரு வருடத்தில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 8.41 சதவீதம், இடைவேளையைப் பழையபடி விட்ட பள்ளியில் 17.65 சதவீதம்.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்க மூன்று விஷயங்கள் போதும். முதலாவது, இன்டர்வெல்லில் விளக்கை அணைத்து அறையைப் பூட்டுவது. பிள்ளைகள் உள்ளேயே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடிக்கப் பார்ப்பார்கள், ஆசிரியர்களும் விட்டுவிடுவார்கள்; பூட்டினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது, பி.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் பாடத்துக்குக் கடன் கொடுக்காமல் இருப்பது. பத்தாம் வகுப்பில் இது நடக்கும் என்று தெரியும். ஆனால் ஆறாம் வகுப்பிலேயே நடக்கிறது, அதைத்தான் தடுக்க வேண்டும். மூன்றாவது, வாரத்தில் இரண்டு பாடவேளை மரத்தடியில். மனப்பாடச் செய்யுள், வாய்ப்பாடு, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஆகியவற்றுக்குக் கரும்பலகை தேவைப்படாது. வெளியே கூட்டிப்போனதும் பிள்ளைகள் வெள்ளைத் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் கண் கூசும், எழுத்து வேலையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

அருகில் பார்க்கும் வேலை

படிப்பைக் குறைக்க முடியாது, குறைக்கவும் வேண்டாம். தூரத்தையும் இடைவெளியையும் மட்டும் கவனியுங்கள். சிட்னிப் பிள்ளைகளில், 30 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் படிப்பவர்களுக்கும், 30 நிமிடத்துக்கு மேல் இடைவிடாமல் படிப்பவர்களுக்கும் கிட்டப்பார்வை கூடுதலாக இருந்தது. பள்ளி ஸ்கேலின் நீளம் 30 சென்டிமீட்டர். புத்தகத்துக்கும் கண்ணுக்கும் நடுவே அதை வைத்துக் காட்டுங்கள். தரையில் கவிழ்ந்து படுத்துப் படிக்கும் பிள்ளைக்கு இந்த தூரம் வராது. சாய்வு மேசையோ, புத்தகத்துக்கு அடியில் தலையணையோ வைத்தால் வரும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து போய், ஐந்து நிமிடம் தெருவைப் பார்த்துவிட்டு வரட்டும். போனைவிட டேப்லெட், டேப்லெட்டைவிட டிவி பரவாயில்லை. திரை பெரிதாக ஆக தூரமும் கூடும்.

பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் நல்ல உணவு. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அவை வேண்டும். கண் நீள்வதை அவை நிறுத்தாது. கண்ணை உருட்டும் பயிற்சிகளும் அப்படியே.

எப்போது பரிசோதிப்பது

பள்ளியில் சேர்க்கும்போது ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை. அப்பா, அம்மா இருவருக்கும் மைனஸ் பவர் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கண்ணை இடுக்கிப் பார்ப்பது, டிவிக்கு நெருங்கி உட்கார்வது, பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுவது, வரும் பஸ்ஸின் எண் தெரியாமல் போவது ஆகியவை தெரிந்தால் வருடம் முடியும்வரை பொறுக்காதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் பவர் இருந்தால் பிள்ளைக்கே தெரியாது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுத்தான் பவர் பார்க்க வேண்டும். வெறும் கம்ப்யூட்டர் செக்கப்பில் பிள்ளையின் கண் தானாகக் குவிந்துகொண்டு, இல்லாத மைனஸைக் காட்டும். அப்படி எழுதிய கண்ணாடியைப் போட்டுத் திரியும் பிள்ளைகள் நிறைய. மருந்து விட்டால் மறுநாள் வரை எழுத்து மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். தேர்வுக்கு முந்தின நாள் போக வேண்டாம். பவர் இன்னும் மைனஸில் போகாவிட்டாலும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 6 வயதுப் பிள்ளைக்குப் பிளஸ் 0.75-க்கு மேல் இருப்பது நல்லது. அதற்குக் கீழே, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால், "பார்வை நார்மல்" என்று சொன்னாலும் கிட்டப்பார்வை நெருங்கி வருகிறது என்று பொருள். 2 மணி நேரத்தை மிகக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டிய பிள்ளை அதுதான்.

கண்ணாடி வந்துவிட்டால்

வெளி வெளிச்சம் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தடுப்பதில் வலுவானது. தொடங்கிய பிறகு ஏறாமல் நிறுத்துவதில் அதன் பலம் குறைவு. நிறுத்திவிடாதீர்கள், ஆனால் அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். முழுப் பவர் கண்ணாடியை முழு நேரமும் போட வேண்டும். "குறைத்துக் கொடுங்கள், கண் பழகிவிடும்" என்று கேட்டு வாங்குவது வேண்டாம். குறைவான பவர் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பவர் ஏறுவது குறையவில்லை, ஒன்றில் வேகமாகவே ஏறியது.

வருடத்துக்கு அரை டியாப்டருக்கு (கண்ணாடிப் பவரின் அலகு) மேல் ஏறினால் கண் மருத்துவரிடம் அடுத்த கட்டத்தைக் கேளுங்கள். இரவில் ஒரு சொட்டு விடும் குறைந்த செறிவு அட்ரோபின் ஒன்று. ஹாங்காங்கில் 0.01, 0.025, 0.05 சதவீதம் மூன்றையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில் 0.05 அதிகப் பலன் தந்தது. எது உங்கள் பிள்ளைக்கு என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும், மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். நடுவில் வழக்கமான பவரும் சுற்றிலும் நுண்வில்லைகளும் உள்ள சிறப்புக் கண்ணாடிகள் இன்னொன்று. இரண்டு வருட ஆய்வில் ஏறும் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கின. விலை அதிகம், நாள் முழுக்கப் போட்டால்தான் வேலை செய்யும். அந்தச் செலவு தாங்காத வீடுகள் மனம் உடைய வேண்டாம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கிடைக்கிறது, அதைச் சரியாகப் போட்டு, 2 மணி நேரத்தையும் 30 சென்டிமீட்டரையும் காப்பாற்றினால் அதுவே கணிசம். ஒரே ஒரு டியாப்டர் ஏறாமல் தடுத்தாலும், பிற்காலத்தில் கிட்டப்பார்வையால் வரும் மையப்பார்வைச் சிதைவின் வாய்ப்பு 40 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு பரிசோதனைச் சீட்டையும் ஒரே கோப்பில் வையுங்கள். தேதி, சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததா, வலது, இடது பவர், கண் நீளம் அளந்திருந்தால் அந்த மில்லிமீட்டர், இவற்றை முதல் பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள். கண் நீளத்தைப் பெரிய கண் மருத்துவமனைகளில் சில நொடியில் அளந்துவிடுவார்கள், வலிக்காது. அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனாலும், கண் எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.